மேல்தண்ணி கிழக்கே, அடித்தண்ணி மேற்கே

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கட்டுமரத்தில் கடலுக்குப் போன தலைமுறை. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வீச்சு வலையோடு ஆற்றுக்குள்ளேயே நின்றுகொள்கிறார். ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் அவர் வலையை எடுக்கமாட்டார். கரையில் குந்தி, வலது கையால் தண்ணீரை அள்ளி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். துப்பியதும் ஆற்றைப் பார்த்து அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம்தான் பேச்சு.

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும் வாத்தியாரே. இது மொத்தமும் ஆத்துத் தண்ணி. மீனு இருக்கு, நாம நிக்கற எடத்துல இல்ல."

நான் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில். ஆரம்பத்தில் எனக்கும் எல்லோரையும் போல ஒரு எண்ணம் இருந்தது: மழைக்காலம் வந்தால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட வேண்டும், தை பிறந்து தண்ணீர் தெளிந்ததும் எடுத்தால் போதும். பல வருடங்கள் அப்படியே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தையும் வீணாக்கினேன். பெரியவரோடு பழகிய பிறகுதான் தெரிந்தது, வெள்ளாற்றில் வருடத்திலேயே அதிகம் நடக்கிற மாதங்கள் இவைதாம் என்று. மீன் எங்கேயும் ஓடிப்போவதில்லை. அதற்குத் தோதான தண்ணீர் இடம் மாறுகிறது. அதைத் தொடர்ந்து போகத் தெரிந்தால் போதும். இதை எனக்குத் தெரிந்தவரை விரிவாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

முதலில் இந்த ஆற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்துப் பக்கமிருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு. வழியில் மணிமுத்தாறு வந்து கலக்கிறது. சேத்தியாத்தோப்பில் அணைக்கட்டு. வீராணம் ஏரி நிரம்பி வழிந்தால் அந்த உபரியில் ஒரு பங்கும் அங்கேதான் வந்து விழும். அதனால் பரங்கிப்பேட்டையில் வானம் வெளுத்துக் கிடந்தாலும், ஆத்தூரில் கொட்டிய மழை சில நாள் கழித்து என் தூண்டில் நூலைத் தேடி வரும். உள்ளூர் மழையை மட்டும் பார்த்துக் கிளம்பி ஏமாந்த நாட்கள் நிறைய. இப்போது மேற்கே என்ன பெய்தது, வீராணத்தில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.

வருடத்தில் பெரும்பகுதி இந்த ஆற்றின் கடைசிப் பகுதி கடலுக்குச் சொந்தம். சித்திரை, வைகாசியில் முகத்துவாரத்துத் தண்ணீருக்கும் வங்கக்கடல் தண்ணீருக்கும் உப்பில் வித்தியாசமே தெரியாது. லிட்டருக்கு 35 கிராமை ஒட்டி உப்பு. அதே இடத்தில் கார்த்திகை வெள்ளத்தின்போது அள்ளினால் குடிதண்ணீர் மாதிரி சப்பென்று இருக்கும். தமிழ்நாட்டுக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. கடலோர மாவட்டங்களில் பாதிக்கும் மேல். ஒன்பது மாதம் உப்பாகக் கிடந்த இடம் சில நாளில் நன்னீராக மாறுவது அதில் வாழும் உயிர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. 1961-இலிருந்து அங்கே இருப்பவர்கள் இந்த உப்பின் ஏற்ற இறக்கத்தை மாதாமாதம் அளந்து எழுதி வந்திருக்கிறார்கள். பெரியவர் நாக்கால் செய்வதை அவர்கள் கருவியால் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கம் கடலும் சும்மா இருப்பதில்லை. கோடை முழுக்கத் தெற்கிலிருந்து வடக்கே ஓடிய கரையோர நீரோட்டம், ஐப்பசி வாக்கில் திரும்பி வடக்கிலிருந்து தெற்கே ஓட ஆரம்பிக்கும். மீனவர்கள் இதை வன்னி என்பார்கள். வடக்கே கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் மழைக்காலம் முழுக்கக் கொட்டிய நன்னீர் கலந்த கடல்நீரை இந்த ஓட்டம் நம் கரையோரமாக இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் டிசம்பரில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு வெளியே, ஆற்றுத் தண்ணீர் எட்டாத தூரத்தில்கூட, கடல் கொஞ்சம் உப்புக் குறைந்துதான் இருக்கும். காற்றும் மாறும். கச்சான் எனும் மேல்காற்று அடித்த மாதங்கள் போய், கொண்டல் எனும் கீழ்காற்றும் வாடை எனும் வடகாற்றும் வரும். அலை வடகிழக்கிலிருந்து விழும். கோடையில் வடக்கே நகர்ந்த மணல் இப்போது தெற்கே நகரும். போன வருடம் நின்று தூண்டில் போட்ட மணல்திட்டு இந்த வருடம் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பக்கூடாது.

இதையெல்லாம் புத்தகமாகத் தெரிந்துகொள்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஒரு கார்த்திகை மாதம், வெள்ளம் இறங்கத் தொடங்கி மூன்றாவது நாள். ரயில் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், ஆறு கொஞ்சம் ஆழமாக ஓடும் ஒரு வளைவு. பெரியவர் என்னிடம் இரண்டு தூண்டிலையும் போடச் சொன்னார். ஒன்று மிதவை கட்டியது, இரையை ஓரடி ஆழத்தில் விட்டது. இன்னொன்று எண்பது கிராம் ஈயம் கட்டி அடியில் போட்டது.

மிதவை விறுவிறுவென்று கிழக்கே, கடலைப் பார்த்துப் போனது. அது எதிர்பார்த்ததுதான், வெள்ளம் ஓடுகிறதே. ஆனால் அடித்தூண்டிலின் நூல் தண்ணீருக்குள் போகும் இடத்தைப் பார்த்தேன். மேலே ஓரடி கிழக்கே வளைந்து, அதற்குக் கீழே நூல் மேற்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஈயம் உருண்டு ஊர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஆறு, ஒரே இடம், மேல்தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது, அடித்தண்ணீர் கடலிலிருந்து வருகிறது.

அடுத்த வாரம் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுபோனேன். அடியில் ஈயம் கட்டி, வாயில் தக்கை வைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். பாட்டிலை அடிவரை இறக்கிவிட்டுத் தக்கையின் நூலைச் சுண்டினேன். குமிழிகள் வந்து நின்றதும் மேலே இழுத்தேன். மேலே அள்ளிய தண்ணீர் கலங்கல், உப்பு கொஞ்சமும் இல்லை. பாட்டில் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு, வாயில் வைக்க முடியாத கரிப்பு. நடுவே வெறும் மூன்று மீட்டர். பெரியவரும் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அதான் அங்க இருக்கு" என்றார். பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வலையை உதறப் போய்விட்டார். மறுநாள் அந்தப் பாட்டில்களை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் எல்லோரும் வரிசையில் நின்று நக்கிப் பார்த்தார்கள்.

காரணம் எளிமையானது. ஒரு கன மீட்டர் கடல்நீர், அதே அளவு ஆற்றுநீரைவிட இருபது கிலோவுக்கு மேல் கனம். வெள்ளத்தின் வேகம் குறைந்ததும், ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், ஏறும்போது கனமான கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். ஆற்றுநீர் அதன் முதுகில் ஏறி வெளியே போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது இந்த ஆப்பை முகத்துவாரத்துக்கு வெளியே தள்ளிவிடும், அப்போதுதான் "இன்னும் ரெண்டு நாள் போவட்டும்". வெள்ளம் வடிய வடிய, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஆப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே ஏறும். உப்புத்தண்ணீர் மீன்கள் அந்த ஆப்போடு வரும். நம் கரையில் ஓதத்தின் உயரம் ரொம்பக் குறைவு, அமாவாசை பௌர்ணமியிலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஏற்றம் வற்றம் மேலே பார்த்தால் சட்டென்று தெரியாது. வெள்ளக்காலத்தில் இன்னும் மோசம், மேல்தண்ணீர் எப்போதும் கிழக்கேதான் ஓடும். அடித்தூண்டிலின் நூல்தான் சொல்லும். நூல் மேற்கே சாயத் தொடங்கியதும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். மறுநாள் அதே நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வரும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் தூண்டில் முறையே மாறிவிட்டது. வெள்ளக்காலத்தில் மிதவையைத் தொடுவதில்லை. மேலே ஓடும் பொய் இரைகளையும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறேன். கனமான ஈயம், அடி, உயிர் இறால். இறாலின் தலையில் கொம்புக்குக் கீழே ஒரு கருப்புப் புள்ளி தெரியும், அதைத் தொடாமல் அதற்கு முன்னால் முள்ளை ஏற்ற வேண்டும். புள்ளியில் குத்தினால் அடுத்த நொடி இறால் செத்துவிடும். சரியாக ஏற்றினால் அரை மணி நேரம் அடியில் துள்ளிக்கொண்டிருக்கும். கலங்கல் தண்ணீரில் மீன் கண்ணை நம்பாது, அந்தத் துள்ளலைத்தான் தேடி வரும்.

சரி, என்ன மீன்? இங்கேதான் இந்த மாதங்கள் எனக்கு மற்ற எல்லா மாதங்களையும்விடப் பிடித்துப்போனது.

வெள்ளம் வருவது உப்பங்கழியில் வாழும் உயிர்களுக்குக் கதவு திறப்பது மாதிரி. வருடம் முழுக்கக் கழியிலும் பிச்சாவரம் சதுப்புக் காட்டின் வாய்க்கால்களிலும் வளர்ந்ததெல்லாம் ஒரே சமயத்தில் கடலுக்குக் கிளம்பும். வெள்ளை இறால் குஞ்சாகக் கடலிலிருந்து வந்தது, இப்போது விரல் நீளத்துக்கு வளர்ந்து வெள்ளத்தோடு வெளியே போகும். சினைப்பட்ட பெண் பச்சை நண்டுகள் முட்டையைப் பொரிக்க உப்புள்ள வெளிக்கடலைத் தேடிப் போகும். ஆற்றில் பல வருடம் கிடந்த விலாங்குகூட முட்டையிடக் கடலுக்குத்தான் போக வேண்டும், வெள்ளம்தான் அதற்கு வழி. எல்லாவற்றுக்கும் மேலே மடவை மீன். கார்த்திகையில் சினை மடவை கூட்டம் கூட்டமாக முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். வற்றம் ஓடும்போது கரையோரமாகத் தண்ணீர் தோல் சிலிர்த்த மாதிரி நடுங்கிக்கொண்டே நகரும். அது காற்று இல்லை, மடவை. பெரியவர் வலையை வீசுவது அந்த நடுக்கத்துக்கு இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது கைகளை விரித்த நீளம்) முன்னால். பின்னால் வீசினால் வலை கவிழும்போது கூட்டம் தாண்டிப் போயிருக்கும்.

இப்படி ஒரு ஊர்வலம் போகும்போது அதைச் சாப்பிடுகிறவர்கள் வாசலில் காத்திருக்க மாட்டார்களா? கொடுவாவும் செப்பிலியும் காலாவும் பாரையும் அந்த இரண்டு தண்ணீர் சேரும் இடத்தில்தான் நிற்கும். கலங்கலுக்கும் தெளிவுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். நுரையும் குச்சியும் ஆகாயத்தாமரையும் அந்தக் கோட்டில் சேர்ந்திருக்கும். ஏற்றத்தில் கோடு உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். கோட்டுக்குக் கலங்கல் பக்கமாக, அடியில், இரையைக் கிடத்த வேண்டும். ஏன் கலங்கல் பக்கம் என்று எனக்கு நானே நிறைய யோசித்திருக்கிறேன். தன்னை மறைத்துக்கொண்டு தெளிவில் போகும் இரையைப் பார்க்க அது வசதி என்பது என் எண்ணம். தெளிந்த பக்கம் போட்டு நான் கொடுவா பிடித்தது இரண்டே முறை.

ஆகாயத்தாமரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இந்தக் காலத்தின் பெரிய தொல்லை. ஏரிகளும் வாய்க்கால்களும் நிரம்பி வழியும்போது பாய் பாயாக மிதந்து வரும். தூண்டில் நூலில் மாட்டினால் முழு ஆற்றையே இழுப்பது போல இருக்கும். வலைக்காரர்களுக்கு அரை நாள் வேலை அதை உருவிப் போடுவது. கடைசியில் அது கடலுக்குப் போய், உப்புப் பட்டுக் கருகி, கடற்கரை முழுக்கக் கருப்பு மேடாக ஒதுங்கி நாறும். வெள்ளத்தோடு வந்த ஜிலேபியும் கெண்டையும் சில நாள் அந்தக் குப்பைக்குக் கீழே தத்தளிக்கும். ஜிலேபி உப்பைத் தாங்கும், பிழைத்துக்கொள்ளும். கெண்டை பாவம்.

கடற்கரைத் தூண்டிலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எனக்கு ஆறுதான் பழக்கம். வாடை இறங்கிய நாட்களில் கடற்கரை அலை உடைந்து உடைந்து விழும், ஈயம் நிற்காது. காற்று ஓய்ந்து இரண்டு நாள் ஆனபின், விடியலில், தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று அடிக்கும் நேரத்தில் போனால் கரையோரப் பள்ளங்களில் கிழங்கான் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் காலா. பத்து மணிக்கு மேல் காற்று திரும்பி ஏறிவிடும். மார்கழியில் கடல் தண்ணீர் கோடையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும். வடநாட்டுக் குளிர் இல்லை இது. ஆனாலும் காலையில் மீன் சுணங்கித்தான் கடிக்கும், வெயில் ஏறியதும் சுறுசுறுப்பாகும். வாடை ஓய்வதும் வெயில் ஏறுவதும் நேரெதிர் நேரங்கள் என்பதால், கடற்கரையில் மார்கழிக் காலை எப்போதும் ஒரு பேரம்தான்.

ஆற்றின் மேல்பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுக்குக் கீழே, மதகுகளை அடைத்த பிறகு தேங்கி நிற்கும் பள்ளங்களில் விராலும் கெளுத்தியும் இருக்கும். புதுத்தண்ணீருக்கு எதிராக ஏறிப் போன மீன்கள் அங்கே தடைபட்டு நிற்கும். வயல் மடைகளில் பிள்ளைகள் கூடு வைத்து மீன் பிடிப்பது இந்த மாதங்களில்தான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மதகு திறந்திருக்கும்போது கீழே இறங்காதீர்கள். முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு வரக் கால்மணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு வருடமும் இந்தப் பக்கம் மழைக்காலத்தில் யாராவது ஒரு வீட்டுப் பிள்ளையைத் தண்ணீர் கொண்டுபோகிறது.

நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்க வேண்டியவன். முகத்துவாரத்தில் மணல்திட்டின் நுனியில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளம் இறங்கிவிட்டது, வானம் தெளிவு. நல்ல கடி. திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. திடீரென்று காலுக்குக் கீழே மணல் மெத்தை மாதிரி அமுங்கியது. பார்த்தால், எனக்கும் கரைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடுகிறது. நான் வந்தபோது காய்ந்த மணலாக இருந்த இடம். வெள்ளம் திட்டை மேலே மூடுவதில்லை, பக்கவாட்டில் அடியில் அரிக்கும். மேலே மணல் அப்படியே இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. அப்போது ஒரு ஃபைபர் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த தம்பிகள் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார்கள். ராடு, பெட்டி எல்லாம் போனது. கரையில் இறக்கிவிட்டபோது யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும் தன் துண்டைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். அன்றிலிருந்து கார்த்திகையில் நான் திட்டின் நுனிக்குப் போவதில்லை.

புயலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது தேதியாகவே மனப்பாடம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல். 2020 நவம்பர் 25 இரவு நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள். கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அதன் எண்ணைக் கவனிக்க வேண்டும். மொத்தம் 11 வரை உண்டு. 1 என்றால் தொலைவில் கடலில் ஒரு தாழ்வு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம், கரையில் வெயிலடிக்கலாம். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரும் வாய்ப்பு. 1 ஏற்றியதும் நான் முகத்துவாரத்தை விட்டு உள் ஆற்றுக்கு மாறிவிடுவேன். 3 என்றால் வீடு. மீனவர்களுக்கான எச்சரிக்கையை வானிலை மையம் தினமும் வெளியிடுகிறது, கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பெரியவர் அதைக் கேட்டுக்கொள்வார், அப்புறம் தன் கணக்கையும் போட்டுக்கொள்வார். காற்றே இல்லாமல் கடல் பெரிய பெரிய மடிப்பாக எழுந்து வந்தால் எங்கோ தூரத்தில் புயல் என்பார். அந்தக் கணக்கும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஒத்துத்தான் போகின்றன.

டிசம்பர் 26 அன்று நான் தூண்டிலைத் தொடுவதில்லை. 2004-இல் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களில் என்ன நடந்தது என்பதை அந்த ஊர்க்காரர்கள் முன்னால் வைத்து எழுத எனக்கு வார்த்தை இல்லை. பெரியவர் அன்றைக்கு ஆற்றுக்கு வருவார், வலை கொண்டுவர மாட்டார். பூவும் ஒரு செம்பு பாலும் கொண்டுவருவார். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள். அமாவாசைக்கு மறுநாள், வெள்ளம் வடிந்து ஆறாவது நாள். நூல் மேற்கே சாய ஆரம்பித்து அரை மணி இருக்கும். ரயில் பாலத்தின் மேல் மயிலாடுதுறை வண்டி போய்க்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் நூலில் வந்த முதல் தட்டை நான் உணரவே இல்லை. இரண்டாவது தட்டு இல்லை, நேராக இழுப்பு. கொடுவா முதலில் அடியிலேயே ஓடும், பிறகு மேலே வந்து வாயைத் திறந்து தலையை உதறும். அந்த உதறலில்தான் பாதி மீன் தப்பும். இது மூன்று முறை உதறியது. கலங்கலில் அதன் கண் மட்டும் முதலில் தெரிந்தது, டார்ச் வெளிச்சத்தில் சிவப்பாக, தணல் மாதிரி. கரைக்குக் கொண்டுவரும்போது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தராசில் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கொடுவாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டதிலிருந்து பெரிய கொடுவாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அது முதலில் ஆணாகத்தான் முதிரும். சில வருடங்கள் ஆணாக இருந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். பெரிய மீன் என்றால் பெரும்பாலும் தாய். லட்சக்கணக்கில் முட்டையிடும். இந்த ஆற்றுக்குள் அடுத்த மழைக்கு ஏறிவரும் குஞ்சுகள் அதனிடமிருந்துதான் வர வேண்டும். 1997-இல் சென்னையில் உள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் கொடுவாவைப் பண்ணையில் பொரிக்க வைத்துக் காட்டியது. இப்போது கடைகளில் கிடைக்கும் கொடுவாவில் நிறைய வளர்ப்பு மீன். ஆற்றில் பிறந்து வளர்ந்த தாய் மீனை நான் விலைக்கு வாங்கவும் முடியாது, திருப்பி வைக்கவும் முடியாது.

பெரியவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இதை எழுதும்போது நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த மீன் அவர் வலையில் விழுந்திருந்தால் அது அவர் வீட்டுக்குப் பல நாள் செலவு. அவர் அதை விற்றிருப்பார், அதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. விடுவது எனக்குச் சுலபம். அவரிடம் விடச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சொன்னதும் இல்லை. அன்றைக்கு அவர் கையில் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

"அண்ணே, நீங்க எடுத்துக்கறீங்களா?"

அவர் குனிந்து மீனின் வயிற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நீ புடிச்சது வாத்தியாரே. உன் மனசு எப்படியோ." அப்புறம் அவரே சொன்னார், "உடறதுன்னா இங்க உடாத. மேல்தண்ணில மயங்கிடும். அந்தப் பக்கம் ஆழத்துல கொண்டு வா."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாலடியை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் பிடித்து, தலையை மேற்கே வரும் அடித்தண்ணீருக்கு நேராக வைத்தேன். இடுப்புக்குக் குளிர்ந்த ஆற்றுநீர், முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பான கடல்நீர். இரண்டு நிமிடம் செவுள் மெதுவாக அசைந்தது. பிறகு வாலை ஒரு சுழற்று சுழற்றி என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, நேராக அடிக்குப் போனது.

கரையேறியபோது பெரியவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். வற்றம் தொடங்குவதற்குள் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும், மடவை இறங்கும் நேரம். நானும் ஈரத் துணியோடு அவர் பின்னால் நடந்தேன், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு.